ஷார்ட்கட் பட்டியலோடு, அதை மாற்றும் வழியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் அவ்வப்போது ஷார்ட்கட் விசைகளின் பட்டியல் வருகிறது. கண்ட்ரோலும் சி-யும் சேர்ந்தால் நகல், கண்ட்ரோலும் வி-யும் சேர்ந்தால் ஒட்டு என்று தொடங்கி ஐம்பது, நூறு என்று நீள்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கம் அச்சகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் அந்தப் பட்டியலைக் கத்தரித்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய வீட்டுக்கு வந்த புது மருமகள் கையில் முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்குமான சாவிக்கொத்தை மொத்தமாகக் கொடுத்தது போல இருக்கிறது அது. அன்றாடம் திறந்து மூடுகிற நாலு கதவுக்கு எந்தச் சாவி என்பதுதான் அவளுக்கு முதலில் வேண்டும். கணினியிலோ அந்தச் சாவிகளை நம் கைக்கு ஏற்றபடி மாற்றியே கொள்ளலாம். பட்டியல்களில் அந்தச் செய்தி மட்டும் வருவதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை சிப்பாவது இருக்க வேண்டும். நம் பக்கத்துக் கடைகளில் உள்ள பல கணினிகள் அதற்கு முந்தியவை. அவற்றைத் தூக்கிப் போடாமல் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றிக்கொள்வது நல்ல முடிவுதான். மாற்றிய வாரமே இரண்டு குறைகள் வரும். ஒன்று, தமிழ் சரியாக விழவில்லை. இரண்டு, பழகிய ஷார்ட்கட் வேலை செய்யவில்லை. தனித்தனிக் கோளாறு போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்று: ஒரு விசையைத் தட்டினால் அதை முதலில் யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது.

விசையைத் தட்டியதும் அது நேராக நாம் திறந்து வைத்திருக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டருக்கோ பயர்பாக்ஸ் உலாவிக்கோ போய்விடுவதில்லை. முதலில் விசைப்பலகை அமைப்பு, 'இந்த இடத்து விசைக்கு இந்த எழுத்து' என்று தீர்மானிக்கிறது. அடுத்து, சன்னல்களையும் மெனுவையும் நடத்தும் டெஸ்க்டாப் சூழல் பார்க்கிறது: க்னோம், கே.டி.ஈ. பிளாஸ்மா, எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்று எது இருக்கிறதோ அது. தனக்கு ஒதுக்கிய விசைக் கூட்டணியாக இருந்தால் அங்கேயே எடுத்துக்கொள்ளும், கீழே விடாது. அது விட்டதைத் தமிழ் உள்ளீட்டு முறை வாங்கும். அதுவும் விட்டதுதான் மென்பொருளுக்குப் போய்ச் சேரும். ஆகவே டெஸ்க்டாப் பிடித்து வைத்திருக்கும் ஒரு கூட்டணியை ரைட்டருக்குள் எத்தனை முறை மாற்றி அமைத்தாலும் பயனில்லை. மேலே விடுவித்தால்தான் கீழே வரும்.

முதலில் தமிழ். லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையை இரண்டு வழியில் சேர்க்கலாம். பட்டியலில் முதலில் கண்ணில் படுவது எக்ஸ்.கே.பி. வகை. அது ஒரு தட்டலுக்கு ஒரு குறி என்று மட்டுமே தெரிந்த அமைப்பு. முன்னால் என்ன எழுத்து விழுந்தது என்று திரும்பிப் பார்க்காது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99-இன் சிறப்பே அந்தத் திரும்பிப் பார்த்தல்தான். க-வை இரண்டு முறை தட்டினால் முதல் க தானே புள்ளி வாங்கிக்கொள்ளும். ங-வை அடுத்து க, ஞ-வை அடுத்து ச, ந-வை அடுத்து த, ண-வை அடுத்து ட, ம-வை அடுத்து ப, ன-வை அடுத்து ற வந்தாலும் அப்படியே. 'காரைக்குடி' என்று அடிக்க க, ஆ, ர, ஐ, க, க, உ, ட, இ என்று ஒன்பது தட்டல் போதும். புள்ளியை எங்கும் தேட வேண்டாம். எக்ஸ்.கே.பி. வகையில் இது நடக்காது. பழகிய விரல் பழகியபடி போகும், திரையில் புள்ளி இல்லாமல் விழும், குற்றம் லினக்ஸ் மேல் போகும்.

சேர்க்க வேண்டியது எம்17என் வகை, முன்னால் விழுந்த எழுத்தையும் பார்த்து நடக்கும் உள்ளீட்டு முறை. உபுண்டுவில் 'ஐபஸ்-எம்17என்' என்ற தொகுப்பை நிறுவி, ஒருமுறை லாக்-அவுட் செய்து உள்ளே வர வேண்டும். வராவிட்டால் பட்டியலில் தமிழ்99 தெரியாது. நிறுவல் பிழை என்று நினைத்து மறுபடி மறுபடி நிறுவிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்சஸ் போய், பெயருக்குப் பின்னால் எம்17என் என்று குறித்திருக்கும் தமிழ்99-ஐச் சேர்க்கவும். ஆங்கிலம் முதலிலும் தமிழ் இரண்டாவதாகவும் இருக்கட்டும். ஆங்கிலத்தை அறவே எடுத்துவிட்டு எக்ஸ்.கே.பி. தமிழை மட்டும் வைத்தால் கண்ட்ரோல்+சி வேலை செய்யாமல் போகும். அந்த விசையில் 'சி' என்ற எழுத்தே அமைப்பில் இல்லையென்றால் மென்பொருள் எதைக் கண்டு நகலெடுக்கும்? எம்17என் வழியில் இந்தத் தொல்லை இல்லை. கண்ட்ரோலோடு சேர்ந்த தட்டல்களைத் தமிழாக்காமல் அது அப்படியே கீழே விட்டுவிடும்.

ஆங்கிலத்துக்கு 'இங்கிலீஷ் இந்தியா, வித் ரூபி' என்ற அமைப்பைத் தேர்ந்தால், வலது ஆல்ட்டோடு 4 தட்டினால் ₹ விழும். பில் போடுகிற கடைகளுக்கு இது ஒன்றே பெரிய உதவி.

இனி, மொழி மாற்றும் விசை. தமிழில் வேலை செய்பவர் ஒரு நாளில் அதிகம் தட்டும் ஷார்ட்கட் நகலோ ஒட்டோ அல்ல, இதுதான். ஒரு அழைப்பிதழில் முகவரி, கைப்பேசி எண், மின்னஞ்சல் என்று வந்தால் நாலு வரிக்குள் பத்து முறை மாற வேண்டியிருக்கும். க்னோமில் இயல்பாக வருவது சூப்பர்+ஸ்பேஸ். சூப்பர் என்பது விண்டோஸ் சின்னம் போட்ட விசை. பழைய கீபோர்டுகளில் அந்த விசை தேய்ந்தோ செத்தோ கிடக்கும். எங்கள் பரிந்துரை கேப்ஸ் லாக். தமிழுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அது சும்மா இருப்பதோடு நின்றாலும் பரவாயில்லை. தவறி விழுந்துவிட்டால் ஆ வரவேண்டிய இடத்தில் ஸ, ஈ வரவேண்டிய இடத்தில் ஷ என்று கிரந்தமாகக் கொட்டும், ஏனென்றால் தமிழ்99-இல் ஷிஃப்ட் தளத்தில் இருப்பவை அவை. அதையே மாற்றுவிசையாக்கினால் அந்த விபத்தும் ஒழியும், இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே வேலையும் முடியும்.

செய்முறை இது. க்னோம் ட்வீக்ஸ் என்ற கருவியை நிறுவவும். அதில் கீபோர்டு, அடிஷனல் லேஅவுட் ஆப்ஷன்ஸ் திறந்து, 'ஸ்விட்சிங் டு அனதர் லேஅவுட்' என்ற தலைப்பின் கீழ் கேப்ஸ் லாக்கில் குறியிடவும். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் தொடர்ந்து பெரிய எழுத்தாகவே அடிக்கிற படிவ வேலை உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் வலது ஆல்ட்டை எடுக்கலாம், ஆனால் மேலே சொன்ன ₹ வசதி போய்விடும். இடது ஆல்ட்+ஷிஃப்ட் வேண்டவே வேண்டாம். ஆல்ட்+ஷிஃப்ட்+டேப் போட்டுச் சன்னல் மாறும்போதெல்லாம் மொழியும் சேர்ந்து மாறிக்கொண்டிருக்கும்.

விண்டோஸில் என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பழகியவர்கள் ஆல்ட்டோடு எண் சேர்த்து மாற்றியிருப்பார்கள். லினக்ஸிலும் அதையே கேட்பார்கள். கொடுக்கலாம். ஆனால் லினக்ஸ் பயர்பாக்ஸில் ஆல்ட்+1 முதல் ஆல்ட்+8 வரை தாவல் மாற்றும் விசைகள். டெஸ்க்டாப் அதைப் பிடித்துக்கொண்டால் உலாவிக்குக் கிடைக்காது. ஒன்றை வாங்கினால் ஒன்றை விட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும்.

இதே கீபோர்டு பக்கத்தில் 'ஒவ்வொரு சன்னலுக்கும் தனித்தனி மொழி' என்ற தேர்வு இருக்கிறது. அதை இயக்கி வைத்தால் ரைட்டர் தமிழிலும் உலாவி ஆங்கிலத்திலும் தங்கிக்கொள்ளும்; சன்னல் மாறும்போது மொழி தானே மாறும். மாற்றுவிசையைத் தட்டும் தேவை பாதியாகக் குறைந்துவிடும். பலருக்கு இப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாது.

எக்ஸ்.எஃப்.சி.ஈ. வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய கணினிக்கு இலேசான சூழல் என்பதால் நம் பக்கம் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பை நிறையப் பேர் போடுகிறார்கள். அங்கே மொழி மாற்றுவிசை டெஸ்க்டாப் கையில் இல்லை. உள்ளீட்டு முறைகளை நடத்தும் ஐபஸின் பிரிஃபரன்சஸ் திறந்து, ஜெனரல் தாவலில் 'நெக்ஸ்ட் இன்புட் மெத்தட்' என்ற இடத்தில் அமைக்க வேண்டும். எக்ஸ்.எஃப்.சி.ஈ.-யின் கீபோர்டு அமைப்பில் லேஅவுட் தாவலில் எதை மாற்றினாலும் ஐபஸ் கண்டுகொள்ளாது. சூப்பர் விசையை மட்டும் தனியாக மெனுவுக்கு ஒதுக்கியிருந்தால் பழைய பதிப்புகளில் சூப்பர்+ஸ்பேஸ் தட்டும்போது மெனு திறந்துகொண்டு குறுக்கே நிற்கும். மெனுவுக்கு ஆல்ட்+எஃப்1 இருக்கிறது, சூப்பரை விடுவித்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய கலவரம் ஒன்று உண்டு. எக்ஸ்.எஃப்.சி.ஈ.-யின் இயல்பு அமைப்பில் கண்ட்ரோல்+எஃப்1, கண்ட்ரோல்+எஃப்2, கண்ட்ரோல்+எஃப்3 என்று வரிசையாக முதல், இரண்டாம், மூன்றாம் வேலைத்தளத்துக்குத் தாவும் விசைகள். வேலைத்தளம் என்பது சன்னல்களைப் பிரித்து வைக்கும் தனித் திரை. லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலோ கண்ட்ரோல்+எஃப்3 என்பது சேமித்த வரிகளைக் கொண்டுவரும் ஆட்டோடெக்ஸ்ட் பெட்டியைத் திறக்கும் விசை. அழைப்பிதழ் அடித்துக்கொண்டிருப்பவர் பட்டியலைப் பார்த்து கண்ட்ரோல்+எஃப்3 தட்டுவார். திரை ஒரு நொடியில் வெறுமையாகும். ரைட்டர் இல்லை, அடித்த பக்கமும் இல்லை. சேமிக்காமல் போய்விட்டது என்று பதறி மின் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டால், அப்போதுதான் உண்மையிலேயே போகும். கோப்பு முதல் வேலைத்தளத்தில் பத்திரமாக இருந்தது. கண்ட்ரோல்+எஃப்1 தட்டியிருந்தால் வந்திருக்கும்.

தீர்வு: செட்டிங்ஸ் மேனேஜர் திறந்து, விண்டோ மேனேஜர் போய், கீபோர்டு தாவலைப் பாருங்கள். 'வொர்க்ஸ்பேஸ் 1', 'வொர்க்ஸ்பேஸ் 2' என்று பன்னிரண்டு வரை வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் தேர்ந்து 'கிளியர்' கொடுத்தால் விசை நீங்கும். வேலைத்தளம் மாறும் பழக்கம் உள்ளவர்கள் அவற்றை சூப்பர்+எஃப்1, சூப்பர்+எஃப்2 என்று வைத்துக்கொள்ளலாம். கவனிக்க: இதே செட்டிங்ஸ் மேனேஜரில் 'கீபோர்டு' என்று இன்னொரு பகுதி உண்டு. அதில் உள்ள 'அப்ளிகேஷன் ஷார்ட்கட்ஸ்' மென்பொருள்களைத் திறக்க மட்டும். சன்னல், வேலைத்தள விசைகள் அங்கே இருக்காது. அங்கே தேடிக் காணாமல் 'மாற்ற முடியாது போலிருக்கிறது' என்று விட்டுவிடுகிறார்கள்.

கண்ட்ரோல்+எஃப்3-ஐ இவ்வளவு பாடுபட்டு மீட்பதற்கு நம் பக்கத்தில் நல்ல காரணம் இருக்கிறது. நகரத்தார் திருமண அழைப்பிதழில் குடும்பம் சேர்ந்த கோவிலும் அதன் பிரிவும் ஒரு எழுத்துப் பிசகாமல் வர வேண்டும். 'இளையாத்தங்குடி கோவில் ஒக்கூருடையார் பிரிவு' என்ற வரிக்கு, தமிழ்99-இலேயே இடைவெளிகளோடு சேர்த்து 39 தட்டல். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, அய்த்தான், அம்மான் என்று ஒரே அழைப்பிதழில் இப்படிப் பல வரிகள் வரும். முகூர்த்த மாதத்தில் நாளைக்கு நாலு அழைப்பிதழ் அடிக்கிற அச்சகத்தில் றகரம் ரகரமாவதும் ளகரம் லகரமாவதும் அலுப்பில் நேர்வதுதான். நகரத்தாரின் ஒன்பது கோவில் பெயரையும் பிரிவுகளையும் ஒருமுறை பெரியவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி, ஆட்டோடெக்ஸ்டில் ஏற்றிவிட்டால் அதன் பிறகு பிழைக்கு இடமில்லை.

வரியை அடித்துத் தேர்ந்துகொண்டு கண்ட்ரோல்+எஃப்3. 'மை ஆட்டோடெக்ஸ்ட்' என்ற பிரிவைத் தொட்டு, பெயரும் இரண்டெழுத்துச் சுருக்கமும் கொடுத்து, ஆட்டோடெக்ஸ்ட் பொத்தானில் 'நியூ' அழுத்தவும். அடுத்த முறை சுருக்கத்தை அடித்து எஃப்3 தட்டினால் முழு வரியும் வந்து விழும். மடிக்கணினியில் எஃப்3 தட்டினால் ஒலியோ ஒளியோ கூடிக் குறைந்தால், அது எஃப்.என். பூட்டின் வேலை. பல மாடல்களில் எஃப்.என்.+எஸ்கேப் தட்டினால் பூட்டு மாறும். இல்லையென்றால் பயாஸில் இருக்கும்.

ஆட்டோடெக்ஸ்ட் ரைட்டருக்குள் மட்டும்தான். உலாவியில் படிவம் நிரப்பும்போதும், இன்க்ஸ்கேப்பில் அட்டை வடிவமைக்கும்போதும் அதே வரி வேண்டும் என்றால் டெஸ்க்டாப்பிலேயே ஒரு விசை உருவாக்கலாம். க்னோமில்: செட்டிங்ஸ், கீபோர்டு, 'வியூ அண்ட் கஸ்டமைஸ் ஷார்ட்கட்ஸ்', கடைசியில் 'கஸ்டம் ஷார்ட்கட்ஸ்', பிறகு கூட்டல் குறி. மூன்று கட்டங்கள் வரும்: பெயர், கட்டளை, விசை. கட்டளைக் கட்டத்தில்தான் முக்கால்வாசிப் பேர் இடறுகிறார்கள். டெர்மினலில் ஓடிய வரியை அப்படியே இங்கே ஒட்டினால் ஓடாது. க்னோம் அந்த வரியை, டெர்மினலில் கட்டளைகளைப் படித்து நடத்தும் ஷெல் வழியாக ஓட்டுவதில்லை. ஆகவே குழாய்க்குறி, திசைமாற்றுக் குறி, வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும் அலைக்குறி எதற்கும் அங்கே பொருள் கிடையாது. பிழைச் செய்தியும் வராது. விசையைத் தட்டினால் ஒன்றும் நடக்காது, அவ்வளவே. வழி என்னவென்றால், கட்டளைகளைச் சிறு ஸ்கிரிப்ட் கோப்பாக எழுதி, இயக்க அனுமதி கொடுத்து, அந்தக் கோப்பின் முழுப் பாதையை வேர்க் கோப்புறையிலிருந்து கட்டத்தில் எழுத வேண்டும்.

ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். ஒரு உரைக்கோப்பில் உள்ள வரியை எடுத்து கிளிப்போர்டில் வைக்க வேண்டும். திரையை நடத்தும் அமைப்பு இரண்டு: புதியது வேலேண்ட், பழையது எக்ஸ்11. வேலேண்ட் அமர்வு என்றால் அதற்குக் கருவி டபிள்யூ.எல்.-காப்பி; பழைய எக்ஸ்11 அமர்வு என்றால் எக்ஸ்கிளிப். பிறகு கையால் கண்ட்ரோல்+வி. உரைக்கோப்பின் கடைசியில் என்டர் தட்டி வைத்திருந்தால் ஒட்டும்போது வெற்று வரி ஒன்று கூடவே வரும். அதை நீக்கிச் சேமியுங்கள். எக்ஸ்11-இல் ஒட்டுவதையும் விசை தட்டியது போலவே அனுப்பும் எக்ஸ்டூடூல் கொண்டு தானாகச் செய்யலாம். அங்கே ஒரு பொறி: ஷார்ட்கட்டுக்காக அழுத்திய சூப்பர் விசையிலிருந்து விரல் எடுக்கும் முன்பே கண்ட்ரோல்+வி போய்விடும், மென்பொருளுக்கு அது சூப்பர்+கண்ட்ரோல்+வி ஆகத்தான் தெரியும். 'கிளியர்மாடிஃபையர்ஸ்' என்ற தேர்வைச் சேர்த்தால் சரியாகும். எக்ஸ்டூடூலைக் கொண்டு தமிழ் எழுத்துகளையே தட்டச்சு செய்ய வைக்கலாம் என்று சிலர் முயல்கிறார்கள். விசைப்பலகையில் இல்லாத எழுத்துக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு விசையை மாற்றி அமைக்க வேண்டியிருப்பதால் இடையிடையே எழுத்து விழுங்கும். ஒட்டுவதே மேல்.

வேலேண்டில் எக்ஸ்டூடூலும் அதே வகைக் கருவியான ஆட்டோகீயும் வேலை செய்யா. உபுண்டுவில் 21.04 முதல் வேலேண்ட் இயல்பு, 25.10-இல் க்னோமின் எக்ஸ்11 அமர்வே இல்லை. பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் முதலில் எந்த அமர்வில் இருக்கிறோம் என்று பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

இன்னொன்று, பழைய அச்சகங்களுக்கு. பாமினி போன்ற எழுத்துருவில் பேஜ்மேக்கரில் உருவாக்கிய கோப்புகளில் இந்த வரிகளை ஒட்டினால் தமிழாக வராது. இவை யூனிகோட் வரிகள். அவை வேறு குறிமுறை. குற்றம் ஷார்ட்கட்டில் இல்லை.

விசையைத் தேர்வதில் சில வழக்கங்கள். பதிவு செய்யும்போது மொழி ஆங்கிலத்தில் இருக்கட்டும். எக்ஸ்.கே.பி. தமிழில் இருக்கும்போது பதிந்தால் தமிழ் எழுத்தோடு பதிவாகி, ஆங்கிலத்துக்கு வந்ததும் வேலை செய்யாது. ஏற்கெனவே வேறு வேலைக்கு உள்ள கூட்டணியைக் கொடுத்தால் 'இது இன்னதற்குப் பயன்படுகிறது, மாற்றவா' என்று க்னோம் கேட்கும். மாற்று என்று சொல்லலாம். ஆனால் எதன் விசை போனது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விசையை அறவே நீக்க, பதிவுப் பெட்டியில் பேக்ஸ்பேஸ். மாற்றாமல் வெளியேற எஸ்கேப். மலிவான கீபோர்டுகளில் உள்ளே இருக்கும் கம்பித்தட்டு சில மும்மூன்று விசைகளை ஒரே நேரத்தில் உணராது. நான்கு முறை தட்டிப் பார்த்து, நான்கிலும் விழுந்தால் மட்டும் அந்தக் கூட்டணியை வைத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோலை மட்டும் கொண்ட கூட்டணிகளை மென்பொருள்களுக்கு விட்டுவிட்டு, டெஸ்க்டாப்புக்கு சூப்பர் என்று பிரித்துக்கொண்டால் மோதல் பெரும்பாலும் வராது.

கே.டி.ஈ. பிளாஸ்மாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சிஸ்டம் செட்டிங்ஸில் ஷார்ட்கட்ஸ் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது, மோதல் இருந்தால் அதுவே சொல்லும். தமிழுக்கு, ஐபஸ் போன்றே இயங்கும் எஃப்.சி.ஐ.டி.எக்ஸ். 5 பொருந்தும். வேலேண்டில் அதை 'வர்ச்சுவல் கீபோர்டு' என்ற தலைப்பின் கீழ்தான் தேர வேண்டும். பெயர் பொருந்தாமல் இருப்பதால் பலர் அங்கே போவதில்லை. அதன் இயல்பான மாற்றுவிசை கண்ட்ரோல்+ஸ்பேஸ். லிப்ரே ஆபீஸ் கணக்குத்தாளான கால்க்கில் அதுவே முழு நெடுவரிசையைத் தேரும் விசை. கணக்கு வேலை உள்ளவர்கள் முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

கணக்கு என்றதும் நம் ஊர்ப் பேரேடுகள் நினைவுக்கு வருகின்றன. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹, நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵ என்ற குறிகள் 2003-இல் வந்த யூனிகோட் 4.0 முதலே கணினியில் இருக்கின்றன. பழைய கணக்கேடுகளைப் படியெடுப்பவர்கள் அவற்றை எங்கிருந்தோ தேடி நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. க்னோமின் கீபோர்டு பக்கத்தில் 'கம்போஸ் கீ' என்று ஒன்று உண்டு; அதைத் தட்டி அடுத்து இரண்டு விசை தட்டினால் ஒரு குறி விழும். வலது கண்ட்ரோலையோ மெனு விசையையோ அதற்கு ஒதுக்கவும். வீட்டுக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் 'எக்ஸ்கம்போஸ்' என்ற மறைகோப்பில் வரிக்கு ஒன்றாக, அழுத்த வேண்டிய விசைகள், முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோளுக்குள் குறி என்று எழுதவும். கம்போஸ், பி, பி என்றால் ௶, கம்போஸ், வி, வி என்றால் ௷, இப்படி. முதல் வரியில் அமைப்பின் சொந்தப் பட்டியலைச் சேர்க்கும் 'இன்க்லூட்' வரி இல்லாவிட்டால் ஏற்கெனவே இருந்த கூட்டணிகள் எல்லாம் போய்விடும். மாற்றம் தெரிய லாக்-அவுட் வேண்டும். தமிழ்99 இயங்கும்போது கம்போஸ் வேலை செய்யாது. கேப்ஸ் லாக்கைத் தட்டி ஆங்கிலத்துக்கு வந்துதான் அடிக்க வேண்டும். குறி பெட்டியாகத் தெரிந்தால் எழுத்துருவில் அந்த வடிவம் இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டால் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகு கணினி பழுதானால் எல்லாம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். எக்ஸ்.எஃப்.சி.ஈ.-யில் அத்தனை விசைகளும் 'எக்ஸ்.எஃப்.சி.ஈ.4-கீபோர்டு-ஷார்ட்கட்ஸ்' என்ற ஒரே எக்ஸ்.எம்.எல். கோப்பில் இருக்கின்றன. பென் டிரைவில் எடுத்து வேறு கணினியில் வைக்கலாம். ஆனால் உள்ளே நுழைந்த நிலையில் வைத்தால், நினைவில் வைத்திருக்கும் பழைய அமைப்பை அது மேலே எழுதிவிடும். அந்தப் பயனர் லாக்-அவுட் ஆகியிருக்கும்போது வைக்க வேண்டும். க்னோம் தன் அமைப்புகளை டிகான்ஃப் என்ற தரவுத்தளத்தில் வைக்கிறது; டிகான்ஃப் டம்ப் என்ற கட்டளை அவற்றை எழுதிக் கொடுக்கும், டிகான்ஃப் லோடு திரும்ப ஏற்றும். அங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. நாம் உருவாக்கிய ஷார்ட்கட்டுகள் இரண்டு இடத்தில் பதிவாகின்றன: விசையும் கட்டளையும் ஓரிடம், 'இன்னின்ன ஷார்ட்கட்டுகள் உள்ளன' என்ற பெயர்ப்பட்டியல் அதற்கு ஒரு படி மேலே. கீழே உள்ளதை மட்டும் படியெடுத்தால் புதிய கணினியில் ஒன்றுமே தெரியாது. 'மீடியா-கீஸ்' என்ற கோப்புறையை முழுதாக எடுத்தால் இரண்டும் சேர்ந்து வரும். மொழி மாற்றுவிசை இதில் வராது. அதைத் தனியாக அமைக்க வேண்டும்.

கடைசியாக, பள்ளி, கல்லூரி, நூலகக் கணினி அறைகளைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருபது கணினியில் இருபது விதமாக மாற்றுவிசை இருந்தால் மாணவர்களுக்குத் தமிழ் தட்டச்சு மேல் வெறுப்புதான் வரும். ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக அமைக்க வேண்டியதில்லை. டிகான்ஃபில் கணினி முழுமைக்குமான இயல்பு அமைப்பு என்று ஒன்று உண்டு: ஈ.டி.சி. கோப்புறைக்குள் டிகான்ஃபின் ப்ரொஃபைலில் பயனர் தரவுத்தளம் ஒரு வரி, உள்ளூர்த் தரவுத்தளம் ஒரு வரி; உள்ளூர்க் கோப்பில் உள்ளீட்டு மொழிகளும் மாற்றுவிசையும்; பிறகு டிகான்ஃப் அப்டேட். இந்தக் கடைசிக் கட்டளையை மறந்தால் எழுதியது எதுவும் நடைமுறைக்கு வராது. பூட்டுப் போட்டு யாரும் மாற்ற முடியாதபடியும் செய்யலாம். செய்ய வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இடக்கைக்காரருக்கும் விரல் குறைபாடு உள்ளவருக்கும் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும் உரிமை இருக்க வேண்டும்.

தங்களிடம் கேட்பது இது. அடுத்த முறை ஷார்ட்கட் பட்டியல் வெளியிடும்போது, மொழி மாற்றுவிசையை எங்கே மாற்றுவது, டெஸ்க்டாப் பிடித்த விசையை எப்படி விடுவிப்பது என்ற இரண்டையும் சேர்த்து அச்சிடுங்கள். கூடவே தமிழ்99 விசைப்படம் ஒன்றை ஷிஃப்ட் தள எழுத்துகளோடு, திரைக்குக் கீழே ஒட்டும் வகையில் நீளவாக்கில் போடுங்கள். விசைக்கு விசை எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல் இருந்தால் கண்ணாடி போட்டவர்களுக்கும் தெரியும். பின்பக்கத்தில் விளம்பரத்தின் கறுப்பு மை வராமல் பார்த்துக்கொண்டால் ஒட்டிய பிறகும் படிக்க முடியும்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர்களும் பழுதுபார்ப்போரும் சிலர்,
காரைக்குடி.